உச்சி வெயிலில் நின்றுபோகும் இன்வெர்ட்டர்: கூரைச் சோலாரின் மின்தரத்தைச் சீர்செய்வது எப்படி

கூரையில் சோலார் அமைத்தவர்கள் சொல்லும் புகார்களில் ஒன்று, கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும். மேகமூட்டமான நாளில் இன்வெர்ட்டர் (பேனல் தரும் டி.சி. மின்சாரத்தை வீட்டுக்கான ஏ.சி.யாக மாற்றும் கருவி) ஒழுங்காக ஓடுகிறது. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் நாளில்தான் பதினொன்றரை மணியிலிருந்து இரண்டு மணிவரை விட்டு விட்டு நின்றுபோகிறது. கைப்பேசிச் செயலியில் அன்றைய உற்பத்திக் கோட்டைப் பார்த்தால், கவிழ்த்த சட்டியைப் போல் வழுவழுப்பாக இருக்க வேண்டியது உச்சியில் மட்டும் ரம்பப் பல்லாக உடைந்திருக்கும். அமைத்துக் கொடுத்த நிறுவனம் இன்வெர்ட்டரை மாற்றிக் கொடுத்தாலும் அடுத்த நாள் அதே பல் திரும்பவும் தெரியும். ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் குறை பேனலிலும் இல்லை, இன்வெர்ட்டரிலும் இல்லை. இன்வெர்ட்டருக்கும் மின்வாரியக் கம்பத்துக்கும் இடையிலுள்ள வழியில் இருக்கிறது.

மின்தரம் என்று இங்கே நான் சொல்வது மின்னழுத்தம், பேஸ்களுக்கிடையே (மின்சாரம் கொண்டுவரும் மூன்று கம்பிகளுக்கிடையே) சமநிலை, பவர் பேக்டர் (வாங்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு), ஹார்மோனிக்ஸ் (50 ஹெர்ட்ஸ் அலையோடு கலந்து அதை நெளியவைக்கும் மடங்கு அலைவெண்கள்) ஆகிய நான்கையும்தான். இவற்றில் எதையும் சோலார் புதிதாகக் கெடுப்பது குறைவு. ஏற்கெனவே ஒளிந்திருந்த குறையை வெளியே கொண்டுவருவதே அதிகம். அதனால் அமைப்பு மதிப்புகளை மாற்றுவது கடைசி வேலை. முதலில் அளக்க வேண்டும், அடுத்து கம்பியையும் இணைப்புகளையும் சரிசெய்ய வேண்டும், பிறகு பேஸ் பங்கீட்டைப் பார்க்க வேண்டும், அதன் பின்னரே இன்வெர்ட்டரின் அமைப்புக்குள் கைவைக்க வேண்டும். நடைமுறையில் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்களே அதிகம், கைப்பேசியில் இரண்டு தட்டுத் தட்டினால் முடிந்துவிடும் வேலை அது என்பதால்.

மின்னழுத்தம் ஏன் ஏறுகிறது

ஆற்றுப் பாசனத்தில் தலைமடைக்குத் தண்ணீர் தாராளமாகப் பாயும், கடைமடைக்கு வரும்போது குறைந்துவிடும். நம் மின்பாதையும் அப்படியே திட்டமிடப்பட்டது. இந்தியாவில் பகிர்மான டிரான்ஸ்பார்மர்களின் தாழ்வழுத்தப் பக்கம் 433 வோல்ட் என்று வடிவமைக்கப்படுகிறது. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பிக்கும்) இடையே அது 250 வோல்ட். வழியில் கம்பி கொஞ்சம் தின்றுவிடும், கடைசி வீட்டுக்குப் போகும்போது 230க்குப் பக்கத்தில் நிற்கும் என்பது கணக்கு. மின்சாரம் எப்போதும் கம்பத்திலிருந்து வீட்டுக்கே பாயும் என்று நம்பிப் போட்ட கணக்கு அது.

கூரைச் சோலார் வந்ததும் மதிய வேளையில் கடைமடையிலிருந்து தலைமடைக்குத் தண்ணீர் தள்ளும் நிலை உண்டாகிறது. தள்ளுவதற்கு இன்வெர்ட்டர் தன் முனையில் மின்னழுத்தத்தை உயர்த்தியாக வேண்டும். எவ்வளவு உயரும் என்பது இரண்டைப் பொறுத்தது: தள்ளும் மின்னோட்டம் எவ்வளவு, வழியிலுள்ள மின்தடை எவ்வளவு. மேட்டூரிலிருந்து வரும் பெரிய உயரழுத்தப் பாதைகளில் தூண்டல் மறிப்பே (கம்பியைச் சுற்றி எழும் காந்தப் புலம் தரும் எதிர்ப்பே) பெரிது. நம் தெருவிலுள்ள தாழ்வழுத்தக் கம்பியிலும் வீட்டுக் கேபிளிலும் மின்தடையே பெரிது. எனவே இங்கே மின்னழுத்தத்தை ஏற்றுவது முக்கியமாக நாம் அனுப்பும் கிலோவாட்டுதான்.

மத்திய மின்சார ஆணையம் 2013இல் வெளியிட்ட இணைப்புத் தரவிதிகளின்படி, மின்னழுத்தம் வரையறுத்த அளவில் 110 சதவீதத்தைத் தாண்டினாலோ 80 சதவீதத்துக்குக் கீழே போனாலோ இன்வெர்ட்டர் 2 வினாடிக்குள் விலக வேண்டும். அலைவெண் 47.5 முதல் 50.5 ஹெர்ட்ஸ் வரம்பை மீறினால் 0.2 வினாடிக்குள் விலக வேண்டும். திரும்பச் சேர்வதற்கு முன் மின்னழுத்தமும் அலைவெண்ணும் குறைந்தது 60 வினாடி நிலையாக இருக்க வேண்டும். 230 வோல்ட்டின் 110 சதவீதம் 253 வோல்ட். டிரான்ஸ்பார்மருக்கு அருகிலுள்ள வீட்டில் பகலில் தெருவில் பளு குறைந்திருந்தால், சோலார் தொடங்குவதற்கு முன்பே 245 அல்லது 248 வோல்ட் நிற்கும். மிச்சமிருப்பது ஐந்தெட்டு வோல்ட் இடைவெளிதான். அந்த இடைவெளியை நம் சொந்தக் கேபிளே விழுங்கிவிட்டால் இன்வெர்ட்டர் நின்றுவிடும், 60 வினாடி கழித்து வரும், உற்பத்தி உச்சிக்கு ஏறும், திரும்பவும் நிற்கும். ரம்பப் பல்லின் கதை இவ்வளவுதான்.

அளப்பது எப்படி

தேவைப்படுபவை உண்மை ஆர்.எம்.எஸ். (அலை நெளிந்திருந்தாலும் சரியான அளவு) காட்டும் ஒரு மல்டிமீட்டரும், கம்பியைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டரும், இரண்டு ஆட்களும். வேலையைச் செய்பவர் உரிமம் பெற்ற மின்பணியாளராக இருக்க வேண்டும். மின்வாரிய மீட்டரின் முத்திரையைத் தொடவே கூடாது. மீட்டருக்கு அடுத்துள்ள நம் மெயின் சுவிட்சின் முனைகளில் அளந்தால் போதும். பேனலிலிருந்து வரும் டி.சி. கம்பிகளில் பகல் முழுவதும் மின்சாரம் இருக்கும் என்பதை நினைவில் வைத்து, நிறுத்தும்போது முதலில் ஏ.சி. பக்கத்து எம்.சி.பி.யையும் (மின்னோட்டம் மீறினால் தானே விழும் சுவிட்ச்) அதன்பின் டி.சி. ஐசொலேட்டரையும் (டி.சி. பக்கத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைக்க வேண்டும். பளு ஓடும்போது டி.சி. பிளக்கை இழுத்துப் பிரித்தால் வில்பொறி எழும்.

வானம் தெளிந்த நாளில், பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையே, வீட்டில் மோட்டார், ஏசி, கீசர் போன்ற பெரிய பளு எதுவும் ஓடாத நேரத்தில் இதைச் செய்யுங்கள். இன்வெர்ட்டரின் ஏ.சி. எம்.சி.பி.யை அணைத்துவிட்டு, அதன் மின்வாரியப் பக்கத்து முனையிலும் மெயின் சுவிட்சிலும் ஒரே சமயத்தில் மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் இல்லாததால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பிறகு எம்.சி.பி.யைப் போட்டு, இன்வெர்ட்டர் முழு உற்பத்திக்கு வந்ததும் அதே இரண்டு இடங்களிலும் மின்னழுத்தத்தையும் இன்வெர்ட்டர் தரும் ஆம்பியரையும் குறியுங்கள். தெருவின் பளு இடையில் மாறக்கூடும் என்பதால் மூன்று முறை திரும்பச் செய்து நடு எண்ணை எடுத்துக்கொள்வது நல்லது.

நான் பார்த்த ஒரு வீட்டின் எண்களையே இங்கே தருகிறேன். மூன்று பேஸ் இணைப்புள்ள வீடு. இரண்டாம் மாடிக் கூரையில் 5 கிலோவாட் ஒற்றைப் பேஸ் இன்வெர்ட்டர். மீட்டர் வாசல் கேட்டுக்கு அருகில். இடையில் 40 மீட்டர் நீளத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள். இன்வெர்ட்டர் நிற்கும்போது இரண்டு இடத்திலும் 242 வோல்ட். ஓடும்போது 20 ஆம்பியரில் மெயின் சுவிட்சில் 245, இன்வெர்ட்டர் முனையில் 253.6. அடுத்த நொடியே திரை சிவந்தது, நின்றது.

இந்த எண்களைப் பிரித்துப் பாருங்கள். மின்வாரியப் பாதையில் ஏறியது 3 வோல்ட் மட்டும். எஞ்சிய 8.6 வோல்ட் வீட்டுக்காரரின் சொந்தக் கேபிளில் ஏறியது. அதைக் கணக்காலும் சரிபார்க்கலாம். 4 சதுர மில்லிமீட்டர் தாமிரத்துக்குக் கிலோமீட்டருக்கு 4.61 ஓம், போக 40 மீட்டர், வர 40 மீட்டர் என்று 80 மீட்டருக்கு 0.37 ஓம், வெயிலிலும் மின்னோட்டத்திலும் கம்பி சூடாவதால் இன்னும் ஒரு பதினைந்து இருபது சதவீதம் கூட்டினால் 0.43 ஓம். 20 ஆம்பியரால் பெருக்கினால் 8.6 வோல்ட். அளவும் கணக்கும் ஒத்துப்போனதால் கேபிளின் தடிமனே காரணம் என்று துணிந்து சொல்ல முடிந்தது. அளந்தது கணக்கைவிட இரண்டு மூன்று வோல்ட் கூடுதலாக இருந்தால், எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது அல்லது துருவேறியிருக்கிறது என்று பொருள். அது தீப்பிடிக்கும் இடமும்கூட.

முன்பே அந்த வீட்டுக்காரர் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு மூன்று முறை போய் வந்திருந்தார். பாதையில் 3 வோல்ட் மட்டுமே ஏறும்போது அவர்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அரை மணி நேர அளவீடு அந்த அலைச்சலை மிச்சப்படுத்தியிருக்கும்.

கம்பியும் இணைப்பும்

அந்த வீட்டில் கேபிளை 10 சதுர மில்லிமீட்டராக மாற்றினோம். அதற்குக் கிலோமீட்டருக்கு 1.83 ஓம், சூட்டையும் சேர்த்து 80 மீட்டருக்கு 0.17 ஓம், 20 ஆம்பியரில் 3.4 வோல்ட் ஏற்றம். இன்வெர்ட்டர் முனையில் 248.5 வோல்ட்டுக்குள் நின்றது. அதன்பின் அந்தக் காரணத்தால் நிற்கவில்லை. கேபிளில் வெப்பமாகப் போய்க்கொண்டிருந்த 172 வாட்டும் 70 வாட்டுக்குக் கீழே வந்தது. கேபிள் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதை மட்டும் பார்த்து 4 சதுர மில்லிமீட்டரைத் தேர்ந்தெடுத்தவர்கள் விதியை மீறவில்லை. அது 20 ஆம்பியரைத் தாராளமாகத் தாங்கும். ஆனால் சோலாருக்குத் தாங்கும் திறன் அளவுகோல் ஆகாது. இன்வெர்ட்டர் முதல் மீட்டர்வரை முழு உற்பத்தியில் ஏற்றம் 1 சதவீதத்துக்குள், அதாவது 2.3 வோல்ட்டுக்குள் இருக்கும்படி கேபிளைத் தேர்வது என் வழக்கம். இடநெருக்கடி இருந்தால் ஒன்றரை சதவீதம்வரை விடலாம். புதிதாக அமைப்பவர்களுக்கு இதைவிட எளிய வழி, இன்வெர்ட்டரைக் கூரையில் வைக்காமல் மீட்டருக்கு அருகில் வைப்பது. டி.சி. பக்கம் பல நூறு வோல்ட்டில் குறைந்த ஆம்பியரோடு ஓடுவதால் நீளமான கம்பியை அந்தப் பக்கம் விட்டுவிடலாம்.

இணைப்புகளில் முதலில் பார்க்க வேண்டியது நியூட்ரல். பேஸ் தளர்ந்தால் விளக்கு அணைந்து நமக்குத் தெரிந்துவிடும். நியூட்ரல் தளர்ந்தால் ஒரு பேஸில் 260, இன்னொன்றில் 200 என்று அலையும், சோலார் தள்ளும் நேரத்தில் அது இன்னும் மோசமாகும். வாரியத்தின் சர்வீஸ் கம்பி அலுமினியம், நம் உட்கம்பி தாமிரம் என்று இரண்டும் சேரும் இடத்தில் இரு உலோக லக் (கம்பி நுனியில் மாட்டும் இணைப்பு முனை) போடாமல் முறுக்கிவிட்டிருந்தால், கடலோர ஊர்களில் இரண்டே மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும். மின்சாரத்தை நிறுத்திய பின் லக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, உற்பத்தியாளர் சொன்ன இறுக்கத்துக்கு முடுக்கி, மறுநாள் முழு உற்பத்தியில் இருக்கும்போது வெப்பக் கேமராவில் ஒரு முறை பாருங்கள். கேமரா இல்லாவிட்டால் அந்த இணைப்புக்கு இருபுறமும் மில்லிவோல்ட் அளந்தாலே தளர்ச்சி தெரிந்துவிடும்.

பேஸ் பங்கீடு

ஒற்றைப் பேஸில் தள்ளும்போது மின்னோட்டம் பேஸ் கம்பியிலும் நியூட்ரலிலும் முழுதாக ஓடி இரண்டிலும் ஏற்றம் உண்டாகிறது. அதே 5 கிலோவாட்டை மூன்று பேஸ் இன்வெர்ட்டர் தள்ளினால் ஒவ்வொரு கம்பியிலும் மூன்றில் ஒரு பங்கு மின்னோட்டமே ஓடும். சமநிலையில் நியூட்ரலில் ஏறக்குறைய எதுவும் ஓடாது. ஆகவே ஏற்றம் ஆறில் ஒன்றாகிவிடும். மூன்று பேஸ் இணைப்பு இருந்தும் விலை சற்றுக் குறைவு என்று ஒற்றைப் பேஸ் இன்வெர்ட்டரை வாங்குவது, பின்னால் கேபிளுக்கும் அலைச்சலுக்கும் செலவழிப்பதில்தான் முடியும்.

ஏற்கெனவே ஒற்றைப் பேஸ் இன்வெர்ட்டர் இருந்தால், பகலில் ஓடும் பளுக்களை அந்தப் பேஸுக்கு மாற்றுங்கள். குளிர்பெட்டி, தண்ணீர் மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவை சோலார் உள்ள பேஸில் இருந்தால் வெளியே தள்ள வேண்டிய மின்னோட்டம் குறையும். மூன்று பேஸ்களையும் ஒரு வாரம் அளந்து, இயல்பாகவே மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும் பேஸில் இன்வெர்ட்டரை இணைப்பதும் உதவும். ஒரே தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் சோலார் போட்டு, பத்துப் பேரின் மின்பணியாளர்களும் வசதிக்காக முதல் பேஸிலேயே இணைத்துவிட்ட கதை எங்கும் உண்டு. பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கி, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் அமைக்கும் வீடுகளுக்கு 78,000 ரூபாய்வரை மானியம் கிடைக்கத் தொடங்கியபின் ஒரே டிரான்ஸ்பார்மரில் சோலார் வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. இணைப்புக் கேட்டு விண்ணப்பிக்கும்போதே எந்தப் பேஸ் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

இன்வெர்ட்டரின் அமைப்புகள்

இன்வெர்ட்டருக்குள் எந்த நாட்டின் விதித்தொகுப்பு தேர்வாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் ஜெர்மனி அல்லது ஆஸ்திரேலியா என்று விட்டுவைத்த இன்வெர்ட்டர்கள் பல ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்தியா என்று தேர்ந்த பின் மேல்வரம்பு 253 என்று காட்டுகிறதா என்று சரிபாருங்கள்.

அந்த வரம்பை 265, 270 என்று ஏற்றிவிட்டால் ரம்பப் பல் மறைந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. மறைந்துவிடும்தான். அந்த 265 வோல்ட் உங்கள் குளிர்பெட்டிக்கும், அதே பாதையிலுள்ள பக்கத்து வீட்டு எல்.இ.டி. விளக்குகளுக்கும் ஏறும், அவர்கள் பல்பை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், காரணம் தெரியாமல். விதிமீறலும் ஆகும். அதைச் செய்யாதீர்கள்.

செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, மின்னழுத்தம் உயரும்போது இன்வெர்ட்டர் ரியாக்டிவ் மின்சாரத்தை (வேலை எதுவும் செய்யாமல், காந்தப் புலத்துக்காகப் போய்த் திரும்பும் மின்சாரத்தை) உறிஞ்சும்படி அமைப்பது. 240 வரை எதுவும் செய்யாமல், 250ஐ நெருங்கும்போது தன் கே.வி.ஏ. திறனில் (வேலை செய்வதும் ரியாக்டிவும் சேர்ந்த மொத்தத் திறனில்) முப்பது நாற்பது சதவீதம்வரை உறிஞ்சும்படி ஒரு சாய்கோட்டைப் பதியலாம். தாழ்வழுத்தப் பாதையில் தூண்டல் மறிப்பு சிறிது என்பதால் இதனால் இரண்டு மூன்று வோல்ட் இறங்கினாலே அதிகம். ஆனால் பல இடங்களில் அந்த இரண்டு வோல்ட்தான் தேவைப்படுகிறது. மற்றொன்று, வரம்பை நெருங்கும்போது ஒரேயடியாக நிற்காமல் உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்கச் செய்வது. நின்று 60 வினாடி காத்திருந்து திரும்ப ஏறுவதைவிட, 5 கிலோவாட்டை 4.2ஆகக் குறைத்துத் தொடர்ந்து ஓடுவது யூனிட் கணக்கிலும் லாபம், தெருவின் மின்னழுத்தத்துக்கும் நல்லது. இவை இரண்டையும் அமைப்பதற்கு முன் மின்வாரியத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். நிறுவியவரின் கடவுச்சொல்லும் தேவைப்படும்.

அளவீட்டில் குறை மின்வாரியப் பக்கம் என்று தெரிந்தால், அதாவது இன்வெர்ட்டர் நிற்கும்போதே மெயின் சுவிட்சில் 250 அளவில் இருந்தால், அப்போது பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள். வெறும் புகாரோடு போகாமல், இன்வெர்ட்டர் செயலி ஐந்து நிமிடத்துக்கொரு முறை பதியும் மின்னழுத்தத்தை ஒரு வாரத்துக்கு இறக்கி, காலை ஆறு மணிக்கும் இரவிலும் எவ்வளவு இருந்தது என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். இரவிலும் உயர்ந்தே இருந்தால் டிரான்ஸ்பார்மரின் டாப்பை (வெளிவரும் மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றும் அமைப்பை) ஒரு படி இறக்கச் சொல்லிக் கேட்கலாம். சிறிய டிரான்ஸ்பார்மர்கள் பலவற்றில் அந்த வசதியே இருக்காது. இரவில் 205, மதியம் 252 என்று ஆடினால் டாப் உதவாது, பாதையின் கம்பிதான் போதவில்லை. இறக்கினால் இரவில் கடைமடை வீட்டு மோட்டார் கருகும்.

தொழிற்கூடங்களில் பவர் பேக்டர்

வீட்டுக்காரரின் தலைவலி மின்னழுத்தம் என்றால், திருப்பூரிலோ கோவையிலோ ஒரு சிறு தொழிற்கூடம் நடத்துபவரின் தலைவலி மின்கட்டண ரசீதில் வரும். சோலார் போட்ட மாதமே பவர் பேக்டர் ஈட்டுத்தொகை என்று ஒரு அபராதக் கட்டணம் முளைத்திருக்கும். இன்வெர்ட்டர் பவர் பேக்டரைக் கெடுத்துவிட்டது என்று முடிவுகட்டுவார்கள். இன்வெர்ட்டரோ பவர் பேக்டர் ஒன்றில், துல்லியமாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

எண்ணிப் பார்ப்போம். கூடத்தின் பளு 100 கிலோவாட், பவர் பேக்டர் 0.90. அப்படியானால் மோட்டார்கள் கேட்கும் ரியாக்டிவ் அளவு 48 கே.வி.ஏ.ஆர். (ரியாக்டிவை அளக்கும் அலகு). சோலார் 60 கிலோவாட் தருகிறது, ரியாக்டிவ் எதுவும் தரவில்லை. வாரியத்திடமிருந்து வாங்குவது இப்போது 40 கிலோவாட்டும் அதே 48 கே.வி.ஏ.ஆரும். வாரிய மீட்டர் பார்க்கும் பவர் பேக்டர் 0.64. மோட்டார்கள் மாறவில்லை, நல்ல பாலைச் சோலார் கொடுத்துவிட்டதால் வாரியத்திடம் தண்ணீரை மட்டும் அதிகம் வாங்குவதுபோல் கணக்கு ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் உயரழுத்த நுகர்வோருக்குச் சராசரி 0.90க்குக் கீழே போனால் ஈட்டுத்தொகை உண்டு. மாதச் சராசரி என்பதால் இரவுப் பணி உள்ள ஆலைகளில் இது ஓரளவு மறைந்துவிடும். பகலில் மட்டும் ஓடும் கூடங்களில் முழுதாகத் தெரியும்.

40 கிலோவாட்டை 0.95க்குக் கொண்டுவர, வாரியத்திடம் வாங்கும் ரியாக்டிவ் 13 கே.வி.ஏ.ஆருக்குள் இருக்க வேண்டும். அதாவது 35 கே.வி.ஏ.ஆரை நாமே உண்டாக்க வேண்டும். இன்வெர்ட்டர்களின் மொத்தத் திறன் 66 கே.வி.ஏ. என்றால், 60 கிலோவாட் தரும்போதும் 27 கே.வி.ஏ.ஆர். தர அவற்றால் முடியும். மிச்சத்துக்கு 10 கே.வி.ஏ.ஆர். கப்பாசிட்டர் போதும். வாங்கும்போதே கிலோவாட்டைவிடக் கே.வி.ஏ. பத்துச் சதவீதம் கூடுதலாக உள்ள இன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இன்வெர்ட்டரில் 0.95 என்று நிலையான பவர் பேக்டரைப் பதிவதைவிட, மெயின் இன்கமரில் (வாரிய மின்சாரம் கூடத்துக்குள் நுழையும் இடத்தில்) ஒரு மீட்டரை வைத்து அதன் அளவைப் பார்த்து இன்வெர்ட்டர்கள் தாமாகவே ஈடுகட்டும்படி அமைப்பது சிறந்தது. நிலையான அமைப்பில் வெயில் குறைந்தால் ரியாக்டிவும் சேர்ந்து குறைந்துவிடும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. லீடிங், லேகிங் (மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு முந்துவது, பிந்துவது) என்ற சொற்களைச் சில உற்பத்தியாளர்கள் ஜெனரேட்டர் கண்ணோட்டத்திலும் சிலர் பளுவின் கண்ணோட்டத்திலும் எழுதுகிறார்கள். சொல்லை நம்பாதீர்கள். சிறிய அளவாக ஐந்து கே.வி.ஏ.ஆர். பதிந்துவிட்டு, இன்கமர் மீட்டரில் கே.வி.ஏ.ஆர். இறங்குகிறதா ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் குறியை மாற்றிப் பதியுங்கள். திசை தவறியபடி ஒரு மாதம் ஓடிய இடத்தில் ஈட்டுத்தொகை குறைவதற்குப் பதில் கூடியதைப் பார்த்திருக்கிறேன்.

தானியங்கிக் கப்பாசிட்டர் பேனல் ஏற்கெனவே இருந்தால், அதன் கரண்ட் டிரான்ஸ்பார்மர் (கம்பியில் ஓடும் ஆம்பியரை அளந்து சொல்லும் கருவி) எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்பதே முதல் கேள்வி. சோலார் சேரும் இடத்துக்கு உள்ளே, பளுவின் பக்கம் மாட்டியிருந்தால், கப்பாசிட்டர்களைப் போட்டு எடுக்கும் ரிலே பளுவை மட்டும் பார்த்து 0.95 வந்துவிட்டது என்று திருப்தியடைந்துவிடும். வெளியே வாரிய மீட்டர் 0.77 பார்க்கும். அதை வாரியப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பின், மின்சாரம் வெளியே பாயும் நேரத்தையும் சரியாகப் புரிந்துகொள்ளும் நான்கு கால்வட்ட ரிலே தேவை. பழைய ரிலே திசை புரியாமல் கப்பாசிட்டர்களைப் போட்டுப் போட்டு எடுக்கும். 400 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைத்துக் காட்டுவது போன்ற பெரிய விகிதமுள்ள கரண்ட் டிரான்ஸ்பார்மரில் மதிய மின்னோட்டம் மிகச் சிறிதாகி ரிலே உறங்கிவிடுவதும் உண்டு.

வீட்டில் ரியாக்டிவை உறிஞ்சச் சொன்னோம், கூடத்தில் தரச் சொல்கிறோம். தருவது மின்னழுத்தத்தைச் சிறிது ஏற்றும். பாதையின் கடைசியிலிருக்கும் தொழிற்கூடங்களில் இரண்டையும் தராசில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஹார்மோனிக்ஸ்

இன்றைய தரமான இன்வெர்ட்டர்கள் முழு உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள் ஹார்மோனிக்ஸ் தருபவை. காலை ஆறரை மணிக்கு அளந்துவிட்டு 15 சதவீதம் என்று பயப்பட வேண்டாம். அந்த நேரத்தில் மொத்த மின்னோட்டமே ஓரிரு ஆம்பியர்தான், அதில் 15 சதவீதம் யாரையும் தொந்தரவு செய்யாது.

பவர் பேக்டரில் நடந்த அதே மாயம் இங்கேயும் நடக்கும். வி.எப்.டி.களும் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவிகள்) தூண்டல் உலைகளும் உள்ள கூடம் 100 ஆம்பியர் வாங்கி, அதில் 10 ஆம்பியர் ஹார்மோனிக்ஸ் என்றால் 10 சதவீதம். சோலார் 70 ஆம்பியரைத் தந்துவிட்டால் வாரியத்திடம் வாங்கும் 30 ஆம்பியரில் அதே 10 ஆம்பியர் 33 சதவீதமாகத் தெரியும். கெடுதல் ஒரு ஆம்பியர்கூடக் கூடவில்லை. அதனால் மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் 519 தரநூல், அந்தந்த நேரத்து மின்னோட்டத்தை வைத்து அல்லாமல், உச்சத் தேவை மின்னோட்டத்தோடு ஒப்பிட்டுச் சதவீதம் கணக்கிடச் சொல்கிறது. அளக்க வருபவர் எந்தச் சதவீதத்தைச் சொல்கிறார் என்று கேளுங்கள். ஆம்பியரில் சொல்லச் சொல்லுங்கள். மின்னழுத்தத்தின் ஹார்மோனிக்ஸ் 8 சதவீதத்துக்குள், தனித்தனி வரிசை (50 ஹெர்ட்ஸின் ஐந்து மடங்கு ஐந்தாம் வரிசை, ஏழு மடங்கு ஏழாம் வரிசை) 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அந்த நூல் தாழ்வழுத்தத்துக்கு வைத்திருக்கும் வரம்பு.

உண்மையான ஆபத்து, பவர் பேக்டரைச் சரிசெய்ய அவசரத்தில் கூட்டும் வெறும் கப்பாசிட்டரில் இருக்கிறது. டிரான்ஸ்பார்மரும் கப்பாசிட்டரும் சேர்ந்து ஏதாவதொரு அலைவெண்ணில் ஒத்ததிர்வு கொள்ளும், அதாவது அந்த அலைவெண்ணில் வரும் மின்னோட்டத்தைப் பெருக்கிவிடும். அது எந்த வரிசை என்று காண, டிரான்ஸ்பார்மரின் குறுக்குச்சுற்றுத் திறனைக் கப்பாசிட்டரின் அளவால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் போதும். 250 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர், மறிப்பு 4.5 சதவீதம் என்றால் குறுக்குச்சுற்றுத் திறன் சுமார் 5,550 கே.வி.ஏ. கப்பாசிட்டர் 113 கே.வி.ஏ.ஆருக்கு வரும்போது விடை 7. ஆறு துடிப்பு வி.எப்.டி.கள் அள்ளி வீசுவதும் ஐந்தாம், ஏழாம் வரிசைகளைத்தான். ரிலே ஒவ்வொரு படியாகக் கூட்டிக்கொண்டே போய் அந்த அளவைத் தொடும் நேரத்தில் கப்பாசிட்டர் உப்பும், பியூஸ் போகும், இன்வெர்ட்டர் காரணம் சொல்லாமல் நிற்கும். ஒவ்வொரு படிக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 5க்கும் 7க்கும் அருகில் எந்தப் படியும் வரக்கூடாது.

வந்தால், 7 சதவீத ரியாக்டர் (தூண்டல் மறிப்புத் தரும் கம்பிச்சுருள்) சேர்த்த கப்பாசிட்டரைப் போட வேண்டும். அது 189 ஹெர்ட்ஸில் இசைந்திருப்பதால், 250 ஹெர்ட்ஸிலுள்ள ஐந்தாம் வரிசையோடும் அதற்கு மேலுள்ளவற்றோடும் ஒத்ததிர்வு உண்டாகாது. ரியாக்டர் சேர்த்ததும் கப்பாசிட்டரின் முனைகளில் மின்னழுத்தம் ஏழரைச் சதவீதம் உயரும். 415 என்பது 446 ஆகும். எனவே பழைய 440 வோல்ட் கப்பாசிட்டரோடு புது ரியாக்டரைக் கோத்துச் செலவை மிச்சப்படுத்தக் கூடாது. 480 அல்லது 525 வோல்ட் தரமுள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஜெனரேட்டர் உள்ள இடங்களில் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது அதன்மேல் குறைந்தது முப்பது சதவீதப் பளுவாவது நிற்கும்படி சோலாரைக் கட்டுப்படுத்தும் கருவி வேண்டும். இல்லையேல் சோலார் ஜெனரேட்டரையே பின்னுக்குத் தள்ளும். கப்பாசிட்டர் பேனலும் அப்போது அடங்கியிருக்க வேண்டும், லீடிங் ஆகிவிட்டால் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் கட்டுப்பாடின்றி ஏறும்.

மீண்டும் அளப்பது

சரிசெய்த வேலையைச் சோதிக்கும் நாளைப் பெரும்பாலும் தவறாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேலைநாளில் எல்லா இயந்திரமும் ஓடும்போது சோலார் மின்சாரம் உள்ளேயே செலவாகிவிடும்; வெளியே தள்ளுவது குறைவு; மின்னழுத்தம் ஏறாது; எல்லாம் சரி என்று கையெழுத்தாகிவிடும். தொழிற்கூடத்துக்குக் கடினமான நேரம் ஞாயிற்றுக்கிழமை மதியம். அதிலும் கடினம் பொங்கல் விடுமுறை நாட்கள், அக்கம்பக்கத்துக் கூடங்களும் பூட்டிக்கிடப்பதால். பேனல்கள் சூடேறாமல் வெயில் தெளிவாக இருக்கும் தை, மாசி மாதங்களில் பல இடங்களில் உற்பத்தி உச்சத்தைத் தொடும். அப்படியொரு ஞாயிற்றுக்கிழமையில், காவலாளி மட்டும் இருக்கும் வளாகத்தில், பன்னிரண்டு மணிக்கு இன்வெர்ட்டர் முனையிலும் இன்கமரிலும் மின்னழுத்தத்தை மீண்டும் குறியுங்கள். முதல் நாள் எடுத்த எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதி, அந்தத் தாளை ஏ.சி. பேனலின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவையுங்கள். அடுத்த கோடையில் திரை சிவக்கும்போது வருகிற மின்பணியாளர் முதலில் தேடுவது அதைத்தான்.